இருக்கையைத் தூக்கிப் பாருங்கள், எண்ணை எழுதி வையுங்கள்

நம் விவசாயிகளிடம் நிலத்தின் சர்வே எண்ணைக் கேட்டால் உட்பிரிவோடு சொல்வார்கள். மாட்டுக்கு எத்தனை பல், எந்த இடத்தில் சுழி என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள். காணாமற்போன மாட்டைச் சந்தையில் நூறு மாடுகளுக்கு நடுவே கண்டுபிடித்து, "இது என் மாடு, வலத் தொடையில் சூட்டுத் தழும்பைப் பார்" என்று நாலு பேர் முன்னிலையில் மெய்ப்பித்துக் கயிற்றைப் பிடித்து வந்தவர்கள் நம் ஊர்களில் இருந்திருக்கிறார்கள்.

அந்த மாடு கட்டியிருந்த கொட்டகையில் இன்று பவர் டில்லர் நிற்கிறது. சிலருடைய வீட்டில் டிராக்டர் நிற்கிறது. தர்பூசணியும் காய்கறியும் ஏற்றிச் செல்ல, நாம் "குட்டி யானை" என்று அழைக்கும் சிறு லோடு வண்டி நிற்கிறது. இவற்றின் என்ஜின் எண் என்ன, சேஸிஸ் எண் என்ன என்று கேட்டால், "அது வண்டியிலேயே இருக்குமே" என்ற பதில்தான் வருகிறது. வண்டி கையில் இருக்கும் வரை அந்தப் பதில் போதும். வண்டி பூட்டிக்கொண்டாலோ, களவு போனாலோ அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. இதை எனக்கு உணர்த்திய இரண்டு நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியவற்றைப் பிறகு சொல்கிறேன்.

கதவின் எண் கதவுக்கு உள்ளே

என் தங்கை மகன் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, அப்பாவோடு சேறு மிதித்து வளர்ந்தவன். இப்போது அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அங்கே பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினான். நம் மறைமலை நகரில் பல ஆண்டுகள் கார் செய்து, 2022ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு கம்பெனியின் வண்டி அது. ஒரு நாள் இரவு எனக்குப் போன் செய்தான்.

"மாமா, வண்டிக் கதவுல அஞ்சு பட்டன் இருக்கு. நம்பர் தெரிஞ்சா சாவியே வேணாம், கதவு திறந்துக்கும். ஆனா வித்தவருக்கே நம்பர் தெரியல. சாவியும் ஒண்ணுதான் குடுத்தாரு. அதுவும் தொலைஞ்சா வெளியிலதான் நிக்கணும்" என்றான்.

இந்தப் பட்டன் பூட்டு புதியதன்று. 1980ஆம் ஆண்டு மாடல் கார்கள் சிலவற்றிலேயே ஃபோர்டு கம்பெனி இதை வைத்துவிட்டது. கதவின் வெளிப்புறத்தில் 5 பட்டன்கள் இருக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு இலக்கங்கள்: 1-2, 3-4, 5-6, 7-8, 9-0. ஐந்து முறை சரியான வரிசையில் அழுத்தினால் கதவு திறக்கும். ஐந்து பட்டன், ஐந்து அழுத்தல் என்றால் 3,125 விதமாக அழுத்தலாம். ஒவ்வொன்றாக முயன்று பார்ப்போம் என்றால், தவறாகப் பலமுறை அழுத்தியதும் பூட்டு சற்று நேரம் செயலற்றுப் போகும். தொழிற்சாலையில் வைத்த எண் நிலையானது. வண்டிக்காரர் தமக்கு விருப்பமான இன்னொரு எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதைச் சேர்ப்பதற்கும் முதலில் தொழிற்சாலை எண்ணை அழுத்தியாக வேண்டும்.

அந்த எண்ணை ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு வண்டியோடு கொடுப்பார்கள். அட்டை தொலைந்துவிட்டால், பூட்டை இயக்கும் மின்னணுப் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் பார்க்க வேண்டும். சில பிக்கப் வண்டிகளில் அந்தப் பெட்டி பின் இருக்கைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இருக்கையைக் கழற்றினால்தான் சீட்டைப் படிக்க முடியும்.

"கழற்றலாமா மாமா?" என்று கேட்டான். "பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் எடுத்துவிடு. போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வை. மஞ்சள் நிற ஒயர் இணைப்பு தென்பட்டால் கை வைக்காதே" என்று சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அழைத்தான். சீட்டு கிடைத்துவிட்டது, எண் தெளிவாக இருக்கிறது என்றான்.

"எங்கே எழுதி வைத்தாய்?" என்று கேட்டேன். "பர்ஸ்ல ஒண்ணு, வீட்டு பீரோவுல ஒண்ணு. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றான்.

கதவைத் திறக்கும் எண் கதவுக்கு உள்ளேதான் இருந்தது. அவனிடம் ஒரு சாவியாவது இருந்ததால் உள்ளே போய் இருக்கையைக் கழற்ற முடிந்தது. அதுவும் தொலைந்த பிறகு தேடியிருந்தால் என்ன செய்திருப்பான்? பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். நம் டிராக்டருக்கும் பம்பு செட்டுக்கும் நாம் செய்துகொண்டிருப்பதும் இதைத்தான்.

கண் எதிரே இருந்த மோட்டார்

மறுநாள் தங்கையிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, இந்தப் புத்தி இவன் அப்பாவுக்கு அன்னிக்கே இருந்திருந்தா மோட்டார் நம்ம கிணத்துலயே இருந்திருக்கும்" என்றாள்.

அவள் வீட்டுக்காரருக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. கிணற்றில் 5 குதிரைத் திறன் மோட்டார். சில ஆண்டுகளுக்கு முன், நவரைப் பட்டத்தில் நெல் பொதி கட்டியிருந்த நேரத்தில் ஓர் இரவு மோட்டார் களவு போயிற்று. பொதிப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல்லுக்குத் தண்ணீர் தட்டினால் கதிர் பதராகும் என்பது உங்களுக்குத் தெரியும். வாடகை மோட்டார் கொண்டுவந்து பொருத்துவதற்குள் நிலம் வெடித்துவிட்டது. அந்த ஆண்டு அறுவடை செய்ததில் பாதிக்கு மேல் பதர்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காயலான் கடையில் மோட்டார்கள் சில பிடிபட்டன என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தார். வரிசையாக ஆறு மோட்டார்கள். அவற்றில் மூன்று ஒரே கம்பெனி, ஒரே குதிரைத் திறன், ஒரே நிறம். பெயர்த் தகடுகளைத் திருடர்கள் பிடுங்கி எறிந்திருந்தார்கள். "உங்க மோட்டார் எது? அடையாளம் என்ன?" என்று கேட்டார்கள். ஒன்றைப் பார்த்ததும் அவருக்குத் தம்முடையது என்று தோன்றியது. தோன்றியதை எழுத முடியாது. பில்லைத் தேடினால் அது கரையான் அரித்துக் கிடந்தது.

அதே வரிசையில் பக்கத்து நிலத்துக்காரரின் மோட்டாரும் இருந்தது. அவர் வாங்கிய வாரமே லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று, மோட்டாரின் பாதத்தில் தம் பெயரின் முதலெழுத்தையும் சர்வே எண்ணையும் எண் உளியால் பதித்திருந்தார். பில்லின் நகலைப் பட்டாவோடு சேர்த்து வைத்திருந்தார். நீதிமன்றத்தின் வழியாக அவருடைய மோட்டார் அவருக்குத் திரும்பி வந்தது. என் தங்கை வீட்டுக்காரர் தம் மோட்டார் கண் எதிரே இருந்தும் சொந்தம் கொண்டாட முடியாமல் பஸ் ஏறி ஊர் திரும்பினார். புது மோட்டாருக்கு வாங்கிய கடனை அடைக்க அவருக்கு மூன்று போகம் ஆயிற்று.

இரண்டு மோட்டாரும் ஒரே தரம்தான். ஒன்றுக்கு அடையாளம் எழுதி வைத்திருந்தது, மற்றொன்றுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எந்த இயந்திரத்தில் எண் எங்கே?

பதிவு செய்யப்படும் வாகனங்களுக்கு சேஸிஸ் எண், என்ஜின் எண் என இரண்டு உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் அல்லது அட்டையில் உள்ள எண்ணும், இரும்பில் வெட்டியுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வெட்டியுள்ள இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியோடு வந்த கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். பொதுவாகத் தேட வேண்டிய இடங்கள் வருமாறு:

சிறு லோடு வண்டி: 2005ஆம் ஆண்டில் வந்த டாட்டா ஏஸ் போன்ற வண்டிகளில் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கினால்தான் என்ஜினைப் பார்க்க முடியும். மூக்கு நீண்ட பிக்கப் வண்டிகளில் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். சேஸிஸ் எண் பெரும்பாலும் அடிச்சட்டத்தின் பக்கவாட்டில் முன் சக்கரத்தை ஒட்டி இருக்கும்.

டிராக்டர்: என்ஜின் எண்ணை என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் தேடவும். சேஸிஸ் எண் கிளட்ச் அல்லது கியர் பெட்டியின் வார்ப்பில் வெட்டப்பட்டிருக்கும். தனியே ஒரு தகடும் இருக்கும். தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். தகடு கழன்று விழக்கூடியது.

பவர் டில்லர்: என்ஜினில் ஓர் எண், கியர் பெட்டியில் ஓர் எண். மானியத்தில் வாங்கியவர்கள் இவ்விரண்டையும் கட்டாயம் குறித்து வைக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர் இயந்திரத்தையும் பில்லையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

மோட்டார் சைக்கிள்: ஹாண்டில் பாரைத் தாங்கும் கழுத்துக் குழாயில் சேஸிஸ் எண்ணும், என்ஜினின் அடிப்பெட்டியில் என்ஜின் எண்ணும் இருக்கும்.

பம்பு செட்: பெயர்த் தகட்டில் வரிசை எண் இருக்கும். நீர்மூழ்கி மோட்டாரைக் குழியில் இறக்கிய பிறகு பார்க்க முடியாது. ஆகவே இறக்குவதற்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போதைய வண்டிகளின் சேஸிஸ் எண்ணில் எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 17 இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்றும் அதில் வரா. ஒன்றையும் பூஜ்யத்தையும் அவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அவற்றை விலக்கியிருக்கிறார்கள். ஆகவே வட்டமாக இருந்தால் அது பூஜ்யம், நேர்க்கோடாக இருந்தால் அது ஒன்று என்று எழுதுங்கள்.

இருக்கையைக் கழற்றும்போது

என்ஜின் ஆறிய பிறகே இருக்கையைத் தூக்க வேண்டும். ஓடி வந்த வண்டியில் உடனே தூக்கினால் கை சுட்டுவிடும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும். போல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் எடுக்கவும். துருவேறிய போல்ட்டைச் சுத்தியால் அடிக்காமல், சிறிது மண்ணெண்ணெயோ துரு நீக்கும் எண்ணெயோ விட்டு, கால் மணி நேரம் பொறுத்துச் சரியான அளவுள்ள ஸ்பேனரால் திருப்பவும். காற்றுப் பை வைத்த புதிய வண்டிகளில் இருக்கைக்கு அடியில் மஞ்சள் இணைப்புகள் இருக்கும். அவற்றைத் தொடாமல் ஒர்க்ஷாப்புக்கு விட்டுவிடுவதே நல்லது.

இருக்கையைத் தூக்கியதும் அடியில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நெல் மூட்டையும் புண்ணாக்கும் ஏற்றும் வண்டியில் எலி கூடு கட்டியிருக்கும். எலி கடித்த ஒயரில் தீப்பொறி உண்டாகி வண்டி எரியக்கூடும். கூட்டை நீக்கித் துடைத்து, கடிபட்ட ஒயரை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். தரைத் தகட்டில் ஈரமும் துருவும் இருந்தால் சுரண்டித் துடைத்து வண்ணம் பூசுங்கள். திரும்பப் பொருத்தும்போது எல்லா போல்ட்டையும் முடுக்கி, இருக்கையை ஆட்டிப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். இருக்கை தளர்ந்த வண்டி பிரேக் போடும்போது ஓட்டுநரை முன்னே தள்ளிவிடும்.

உப்புக் காற்றும் எண்ணும்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம், கல்பாக்கம் வழியாகச் செய்யூர்க் கடற்கரை வரை உள்ள விவசாயிகள் ஒரு செய்தியைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு இரும்பின் மேல் படிகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. கருங்கல்லில் செதுக்கிய சிற்பங்களே கடற்காற்றில் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன. காற்றின் வேகத்தைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வைத்தும், அலையைத் தடுக்கக் கல் போட்டும் தொல்லியல் துறையினர் அந்தக் கோயிலைக் காத்து வருகிறார்கள். கருங்கல்லுக்கே இந்தக் கதி என்றால், அரை மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டிய எண் எத்தனை நாள் தாங்கும்?

சேஸிஸ் எண் துருவில் மறைந்துவிட்டால் தகுதிச் சான்று பெறப் போகும்போதும், விற்கும்போதும் சிக்கல் உண்டாகும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் அந்த இடத்தைத் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசுங்கள். மணல், மீன் அல்லது உப்பு ஏற்றிய வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பகுதி உட்படக் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் வெளியேறும் துளைகளில் மண் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண் உள்ள இடத்தில் அரம் போடுவதும், கிரைண்டர் பிடிப்பதும், வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் திருட்டு வண்டி என்ற சந்தேகத்துக்கு இடமாகும். எண் படிக்க முடியாமல் போய்விட்டால் பட்டறையில் நீங்களாகப் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் சொல்லும் முறைப்படி நடக்க வேண்டும்.

எண்ணைப் படி எடுப்பது எப்படி?

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எண் உள்ள இடத்தைத் துடையுங்கள். காய்ந்ததும் வெள்ளைச் சாக்கட்டியை அதன் மேல் தேய்த்து, உள்ளங்கையால் மேலோட்டமாக வழித்துவிடுங்கள். பள்ளங்களில் சாக்குத் தூள் தங்கி எழுத்துகள் பளிச்சென்று தெரியும். டார்ச் விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்தால் தேய்ந்த எண்ணும் தெரியும். பிறகு மெல்லிய வெள்ளைத் தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் பதியும். வண்டி ஆய்வுக்கு இப்படித்தான் சேஸிஸ் எண்ணைப் படி எடுப்பார்கள். கையால் எழுதும்போது 3 என்பது 8 ஆகிவிடலாம். பென்சில் படியில் அந்தத் தவறு நேராது. கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பம்பு செட்டுக்கு வேறொரு காரியமும் செய்ய வேண்டும். தகட்டைத் திருடன் எளிதில் பிடுங்கிவிடுவான். ஆகவே உங்கள் முதலெழுத்தையும் சர்வே எண்ணையும் மோட்டாரின் பாத வார்ப்பில் எண் உளியால் பதித்துவிடுங்கள். சுருள் இருக்கும் உடற்பகுதியில் அடிக்கக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத மோட்டாராக இருந்தால், விற்ற கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

சாவிக்கும் எண் உண்டு

பல வண்டிகளில் சாவியோடு சிறு தகடு ஒன்று கோர்த்துக் கொடுப்பார்கள். அதில் உள்ளது சாவி எண். சாவி தொலைந்தால் அந்த எண்ணைக் காட்டி அதே வெட்டில் வேறு சாவி வாங்கலாம். நம்மில் பலர் அந்தத் தகட்டைச் சாவிக் கொத்திலேயே தொங்க விடுகிறோம். சாவி தொலையும்போது எண்ணும் சேர்ந்து தொலைகிறது. சாவி திருடன் கையில் கிடைத்தாலோ, எண்ணையும் நாமே கொடுத்தவர்களாகிறோம். ஆகவே தகட்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள். சில்லு பொருத்திய புதிய சாவிகளுக்கு வெட்டு மட்டும் போதாது. கம்பெனி ஒர்க்ஷாப்பில் வண்டியோடு சேர்த்துப் பழக்கித் தர வேண்டும். இரண்டாவது சாவி கையில் இருந்தால் அந்த வேலை சுலபமாகும். ஆகவே இரண்டு சாவியும் தொலையும் வரை காத்திருக்காதீர்கள்.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஒரு வண்டியின் சாவி அதே கம்பெனியின் மற்ற வண்டியையும் கிளப்பிவிடும். இத்தகைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் சாவியை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்க முடியாது. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்றைப் பொருத்தலாம். களத்தில் இரவு விட நேர்ந்தால் முன் சக்கரத்தைச் சங்கிலியால் பூட்டலாம்.

ஒரு குறிப்பேடு போதும்

40 பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கிக் கீழ்க்கண்டவற்றை எழுதுங்கள்:

1. இயந்திரத்தின் பெயர், கம்பெனி, மாடல், குதிரைத் திறன்
2. வாங்கிய கடை, தேதி, பில் எண், விலை
3. பதிவு எண், சேஸிஸ் எண், என்ஜின் எண், அவற்றின் பென்சில் படி
4. மோட்டாரின் வரிசை எண், நீங்கள் பதித்த அடையாளம், பதித்த இடம்
5. சாவி எண், எத்தனை சாவி, இரண்டாவது சாவி யாரிடம்
6. பேட்டரி, டயர் ஆகியவற்றின் எண்கள்
7. இன்சூரன்ஸ் பாலிசி எண், முடியும் தேதி
8. கடன் இருந்தால் வங்கியின் பெயர், கணக்கு எண்

பில்லின் நகலை அதிலேயே ஒட்டுங்கள். இந்த நோட்டை எக்காரணம் கொண்டும் வண்டியிலோ மோட்டார் கொட்டகையிலோ வைக்காதீர்கள். வீட்டில் பட்டாவோடு வையுங்கள். நகல் ஒன்றை மகள் வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். வீட்டில் உள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது இருக்கும் இடம் தெரிய வேண்டும். களவு எப்போதும் நாம் ஊரில் இல்லாத நாளில்தான் நடக்கும். சாவி எண்ணையும் பூட்டைத் திறக்கும் எண்ணையும் வெளியாரிடம் காட்டக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

பணம் கொடுப்பதற்கு முன் இருக்கையைத் தூக்கச் சொல்லுங்கள். இரும்பில் உள்ள எண்ணையும் ஆர்.சி.யில் உள்ள எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் உள்ள இடம் மட்டும் பளபளப்பாகத் தேய்த்திருந்தாலோ, எழுத்துகள் வரிசை தவறி ஏறி இறங்கியிருந்தாலோ அந்த வண்டி வேண்டாம். விலை மலிவு என்று ஆசைப்படாதீர்கள். என்ஜின் மாற்றிய வண்டியாக இருந்தால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். இரண்டு சாவி, சாவித் தகடு, கையேடு, ரகசிய எண் அட்டை இருந்தால் அதுவும் கேட்டு வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் எண் படிவங்களும், கடன் தீர்ந்த வண்டிக்கு வங்கி தரும் 35ஆம் எண் படிவமும் தேவை. இவை கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

களவு போய்விட்டால்

முதல் வேலை போலீஸுக்குத் தெரிவிப்பது. 112 என்ற எண்ணுக்கு உடனே சொல்லிவிட்டு, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குச் செல்லுங்கள். மனுவில் எண்களை எழுதி, முதல் தகவல் அறிக்கையில் அவை இடம்பெற்றுள்ளனவா என்று படித்துப் பாருங்கள். அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வண்டியின் சாவிகள் எல்லாவற்றையும் அவர்கள் கேட்பார்கள்.

2010ஆம் ஆண்டு அக்டோபரில் ஒருவருடைய டிராக்டர் களவு போயிற்று. அன்றே போலீஸில் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் 52 நாள் கழித்துத் தெரிவித்தார். தாமதத்தைக் காட்டிப் பணம் தர மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. போலீஸில் உடனே புகார் கொடுத்திருக்கும்போது, கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒன்றை மட்டும் காரணம் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு நமக்குச் சாதகம்தான். ஆனால் களவு போனதற்கும் தீர்ப்பு வந்ததற்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அத்தனை காலம் காத்திருக்க நம்மால் ஆகுமா? ஆகவே இரண்டு இடத்திலும் அன்றைக்கே தெரிவிப்பதே நலம்.

பம்பு செட்டுக்கும் பொதுத் துறை இன்சூரன்ஸ் நிறுவனங்களில் பாலிசி உண்டு. அருகிலுள்ள கிளையில் விசாரித்து, களவுக்கும் பொருந்துமா என்று கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே செய்யுங்கள்

ஏரிக்குக் கொடுத்த நிலத்தையும், கோயிலுக்கு விட்ட ஆட்டையும் கணக்குத் தவறாமல் கல்லில் வெட்டி வைத்தவர்கள் நம் பகுதி முன்னோர்கள். கொடுத்தவர் போனாலும் கணக்கு நிற்க வேண்டும் என்று நினைத்தார்கள். நமக்குக் கல்லும் உளியும் வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் சாக்கட்டியும் போதும்.

சென்ற பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குக் கொம்பு தீட்டிய கையோடு, என் தங்கை வீட்டுக்காரர் புது மோட்டாரின் பாதத்தைத் துடைத்து, பதித்திருந்த எண்ணின் மேல் வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். "இனிமே எந்தக் காயலான் கடையில கிடந்தாலும் என் மோட்டாரு எதுன்னு நான் காட்டுவேன் மச்சான்" என்றார்.

உங்கள் வீட்டு டிராக்டரின் எண் இப்போது உங்கள் நோட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், என்ஜின் சூடாவதற்கு முன், இருக்கையைத் தூக்கிப் பாருங்கள்.